எண் ஏழின் கல்யாணம்

என் கணவரின் அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடும் சனபா திராவோரேவுக்கு, ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. வெங்காயம் உரிக்க உட்கார்ந்தால் நாலாவது வெங்காயத்தில் எழுந்து முற்றத்தைக் கூட்டுவார். கூட்டுவதைப் பாதியில் விட்டுவிட்டு அலமாரியைத் திறப்பார். அந்த அலமாரியில் நாங்கள் துணி வைத்ததே இல்லை. அறுபத்து மூன்று நோட்டுப் புத்தகங்கள்தான் இருந்தன.

பமாக்கோவில், லாஃபியாபுகுப் பேட்டையில் எங்கள் தெருமுனை மாமரத்தடியில் பதினோரு பேர் தினமும் கூடி டீ காய்ச்சிக் குடிப்பார்கள். இருபது வருஷமாக அண்ணி அவர்களோடு போய் உட்கார்ந்து, கேட்டு, எழுதிக்கொண்டு வந்தார். பல்கலைக்கழகத்தில் இதற்கு மானுடவியல் என்று பெயர். தபால்காரராக இருந்து ஓய்வுபெற்ற என் மாமனார், வெட்டிப்பசங்களின் வெட்டிப்பேச்சு என்றார். அண்ணிக்குக் கல்யாணமாகி நாலு வருஷத்தில் புருஷன் வேறு வீடு பார்த்துக்கொண்டார். அதைப் பற்றி எந்த நோட்டிலும் ஒரு வரி கிடையாது.

அண்ணி தேடியது ஒரே கேள்விக்குப் பதில். படிப்பு முடிந்து, வேலை கிடைக்காமல், சொந்தமாக ஓர் அடுப்பு மூட்ட வழியில்லாமல் நிற்பவன் எப்போது பெரிய மனுஷன் ஆகிறான்? எங்கள் ஊர் வழக்கத்தில் கல்யாணம் ஆகும்வரை, தலை நரைத்தாலும் பையன்தான். பதினோரு பேரில் பத்துப் பேர் எப்படியோ கரையேறிவிட்டார்கள். மிஞ்சியவன் சூமனா ஜாரா, வயது நாற்பத்திரண்டு. கெட்டிலும் கரியடுப்பும் இன்னும் அவன் பொறுப்பில்தான் இருந்தன. அவனுக்குக் கல்யாணம் ஆனால் அண்ணியின் புத்தகத்துக்குக் கடைசி அத்தியாயம் வந்துவிடும்.

திராவோரேக்களுக்கும் ஜாராக்களுக்கும் கேலி உறவு. எவ்வளவு கேவலமாகத் திட்டினாலும் சிரிக்க வேண்டும். முகம் சுளித்தவன்தான் தோற்றவன்.

"காராமணி தின்னி, இன்னும் உசிரோடதான் இருக்கியா?" என்று அண்ணி போய் நிற்பார்.

"என் அடிமை வந்துட்டாடா, ஸ்டூலைப் போடுங்க" என்பான் சூமனா.

இப்படியே இருபது வருஷம் ஓடியது. அந்த வருஷம் ஏப்ரலில் அவனுக்குப் பெண் அமைந்தது. சந்தையில் துணி விற்கும் ராமாத்தா. மாப்பிள்ளை வீட்டிலிருந்து பத்துக் கோலாக் கொட்டைகள் போய்விட்டன. பெண் வீட்டார் அதைச் சொந்தக்காரர்களுக்குப் பங்கு போட்டால் சம்மதம் என்று அர்த்தம். பங்கு போடுவதற்கு முன் விசாரிப்பார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் பெண்ணின் அத்தை தெனின் எங்கள் முற்றத்துக்கு வந்தாள்.

"அக்கம்பக்கத்துல கேட்டா தங்கமான பையன்னுதான் சொல்லுவாங்க. நீங்க இருபது வருஷமா அவனைப் பத்தி எழுதி வச்சிருக்கீங்களாம். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க ப்ரொபசரம்மா. எங்கயாச்சும் பிள்ளை குட்டின்னு விட்டுட்டு வந்திருக்கானா? பெரியவளைக் குடுத்த இடத்துல அப்படித்தான் ஏமாந்தோம்."

அண்ணி எழுந்துவிட்டார். நோட்டுகளில் யார் பெயரும் இல்லை, எண்கள்தான். சூமனா எண் ஏழு. வெளியே சொல்ல மாட்டேன் என்று பதினோரு பேருக்கும் வாக்குக் கொடுத்திருந்தார். நடுவில் இரண்டு வருஷம் எல்லை தாண்டி புவாக்கே ஊருக்கு வேலைக்குப் போன ஏழு, அங்கே சண்டை மூண்டபோது ஒருத்தியையும் ஒரு வயதுக் குழந்தையையும் விட்டுவிட்டு லாரியேறி வந்தவன். வந்ததும் அதை அண்ணியிடம் மட்டும் சொன்னான்.

வாக்கை மீறக் கூடாது. எதிரே நிற்பவளை ஏமாற்றவும் கூடாது. அண்ணி துடைப்பத்தை எடுத்து முற்றத்தில் இரண்டு இழுப்பு இழுத்தார். பிறகு, "புவாக்கேல ஒரு பொண்ணு இருக்கா" என்று சொல்லிவிட்டார். சொன்ன வாய் அதோடு நிற்கவில்லை. பழக்கதோஷம். "காராமணி மூட்டைக்கு அடகு வச்சுட்டு வந்துட்டான்."

தெனின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஜாராவைப் பத்தி ஒரு திராவோரேகிட்ட வந்து கேட்டேன் பாருங்க, என் புத்தி." நிம்மதியாகப் போய்விட்டாள்.

அன்று பூராவும் அண்ணி சாப்பிடவில்லை. வாக்கு போய்விட்டது, உண்மையும் போய்ச் சேரவில்லை. முற்றத்தை மூன்று தரம் கூட்டினார். மறுநாள் சூமனாவைத் தனியே கூப்பிட்டு, தன் வாயிலிருந்து வந்துவிட்டதை ஒளிக்காமல் சொல்லி, நீயே போய்ச் சொல்லிவிடு என்றாராம். கல்யாணம் முடியட்டும் என்று கெஞ்சினானாம் அவன்.

"இது போனா எனக்கு இன்னொண்ணு வராதுக்கா."

அக்கா என்று அவன் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அதை என்னிடம் சொல்லும்போது அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வியாழக்கிழமை சாயங்காலம் நான் பாலுக்குச் சர்க்கரை வாங்கப் போனபோது தெனின் மாமரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். நாளைக்குத் தொழுகை முடிந்ததும் கோலாவைப் பங்கு போடப்போகிறோம் என்று சொல்ல வந்திருந்தாள். சூமனா இரண்டாம் சுற்று டீயை உயரத்திலிருந்து ஆற்றிக்கொண்டிருந்தான். அண்ணியும் இருந்தார்.

"ப்ரொபசரம்மா, அந்தப் புவாக்கே கதையை இவங்களுக்கும் சொல்லுங்க. சிரிக்கட்டும்" என்றாள் தெனின்.

எல்லோரும் அண்ணியைப் பார்த்தார்கள். பல்லைக் காட்டத் தயாராக இருந்தார்கள். அண்ணி ஸ்டூலிலிருந்து எழுந்தார்.

"இன்னைக்குக் கேலி இல்லம்மா" என்றார்.

ஒரு ஜாராவை எதிரே வைத்துக்கொண்டு ஒரு திராவோரே கேலி இல்லை என்று சொல்லி எங்கள் தெருவில் யாரும் கேட்டதில்லை. தெனினின் சிரிப்பு முகத்திலேயே நின்றுபோனது. அவள் அண்ணியைப் பார்த்தாள், பிறகு சூமனாவை. அவன் ஊற்றிய டீ கிளாசைத் தாண்டித் தட்டில் வழிந்துகொண்டிருந்தது.

கெட்டிலைக் கீழே வைத்தான். "பொண்ணுக்கு இப்ப பதினெட்டு வயசு ஆகியிருக்கும்" என்றான். "பேரு மச்சாட்டா. உசிரோட இருந்தா."

தெனின் கத்தவில்லை. அண்ணியிடம் மட்டும், உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றார் அண்ணி.

போகும்போது சூமனாவிடம் சொன்னாள்: "நாளைக்குப் பங்கு இல்லை. கோலாவை ஈரத்துணியில சுத்தி வைக்கிறேன், ஒரு மாசம் தாங்கும். அந்தப் பொண்ணைக் கூட்டிட்டு வந்து எங்க வாசல்ல நிறுத்து. ராமாத்தா பாக்கட்டும். அப்புறம் அவ சொல்றதுதான்."

மறுநாள் காலையில் சூமனா எங்கள் அலமாரி முன்னால் வந்து நின்றான். புவாக்கே விலாசம் அவனிடம் இல்லை. பதினேழு வருஷத்துக்கு முன்னால் அவன் சொன்னதை எழுதி வைத்தவர் அண்ணிதான். இருபத்திரண்டாவது நோட்டு. கோக்கோ பேட்டை, தையற்கடைக்குப் பின்னால், கிணற்றுக்கு எதிர்ச் சந்து.

அவன் நோட்டை எட்டிப் பார்த்தான். "இதுல ஏழு ஏழுன்னு இருக்கிறது நானா? இத்தனை வருஷமும் நான் வெறும் ஏழா?"

"காராமணி தின்னிக்கு அது போதும்."

அவன் சிரித்தான் என்று சொல்ல முடியாது. முகம் சுளிக்கவும் இல்லை. விலாசத்தை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போனான்.

சனிக்கிழமை பஸ் ஏறினான். மாமரத்தடியில் டீ காய்ச்ச ஆளில்லை. பதினொன்றாம் நாள் அண்ணி தெனின் வீட்டுக்குப் போய்விட்டு வந்தார். உள்ளே கூப்பிடவில்லையாம், ஆனால் துணியைப் பிரித்துக் காட்டினாளாம்.

"பத்துல ஒண்ணுதான் கறுத்திருக்கு" என்று சொல்லிக்கொண்டே வெங்காயக் கூடையை இழுத்து வைத்துக்கொண்டார். இரண்டாவதிலேயே எழுந்து தெருமுனையைப் பார்க்கப் போய்விட்டார்.