தளபதியின் தலையளவு

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். வீட்டில் தையல் மெஷின் ஓட்டுகிறேன். வெளியாட்களோடு அதிகம் கதைக்க மாட்டேன். போன வருஷம் பக்கத்து வீட்டு டீச்சர் ஒரு படத்தோடு வந்தார். அவர் படிப்பிக்கும் பெண்கள் பாடசாலை நாடகத்துக்குப் பழைய காலத்துக் கிரேக்கத் தளபதியின் தலைக்கவசம் வேண்டுமாம். மூக்குக்கு நேரே ஒரு தகடு, இரண்டு கன்னத்துக்கும் மூடி, உச்சியில் சேவல் கொண்டை போல சிவப்பாக ஒன்று.

"ஏலுமா மாமி?"

"பாப்பம்" என்றேன். அதற்கே வியர்த்துவிட்டது.

தளபதியாக நடிக்கும் பிள்ளை அளவு கொடுக்க வந்தாள். வீட்டில் ஆண்கள் இல்லை. வந்ததும் தலையைச் சுற்றியிருந்த பர்தாவைக் கழற்றி வைத்தாள். நான் அளவு நாடாவைச் சுற்றினேன். பிஸ்கட் பெட்டி மட்டையும் பழைய பேப்பரும் கோதுமை மாப் பசையும்தான் கவசம். நான்கு நாள் வெயிலில் காயவைத்து, பித்தளை நிறம் பூசினேன். வாசல் கூட்டும் தும்புத்தடியின் தேங்காய்த் தும்பைப் பாய்க்குப் போடும் சிவப்புச் சாயத்தில் தோய்த்துக் கொண்டை வைத்தேன். ஒருவரும் இல்லாத நேரம் கண்ணாடிக்கு முன்னால் நானே போட்டும் பார்த்தேன்.

நாடகத்தன்று காலை டீச்சர் ஓடி வந்தார்.

"மாமி, பர்தாவுக்கு மேலால கவசம் இறங்குதில்ல!"

வெறும் தலையை அளந்திருக்கிறேன். சபை நிறைய ஆண்கள் இருப்பார்கள் என்பது எனக்குத் தோன்றவேயில்லை.

கத்தரிக்கோலோடு பாடசாலைக்குப் போனேன். பிள்ளை அழுதுகொண்டிருந்தாள். "நான் பர்தாவக் கழட்ட மாட்டன் டீச்சர். தளபதிய வேற ஆளுக்குக் குடுங்க."

பர்தாவுக்கு மேல் கிரீடம் வைத்திருந்த ராணி, "தளபதிக்கு மண்டை வீங்கிட்டுகா" என்றாள். அழுதவளும் சிரித்துவிட்டாள்.

கவசத்தின் பின்பக்கத்தைக் கீழிருந்து கொண்டை வரை வெட்டினேன். இரு ஓரமும் துளை போட்டு, ஒரு சப்பாத்து லேஸால் இழுத்துக் கட்டினேன். இறங்கியது. ஆனால் பின்னால் பிளந்து கிடந்தது.

"முதுகக் காட்டிராத மனே" என்றேன்.

மண்டபத்தின் பின்கதவோடு ஒதுங்கி நின்று பார்த்தேன். பிள்ளை நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டாள். ஒருதரம்கூடத் திரும்பவில்லை. முடிவில் அடியடியாகப் பின்பக்கமாகவே நடந்து திரைக்குள் போனாள்.

"அந்தக் காலத்துத் தளபதிமார் சபைக்கு முதுகு காட்ட மாட்டாங்க போல" என்று ஒருவர் பக்கத்தில் இருந்தவருக்கு விளக்கினார். கைதட்டல் நிற்கவில்லை.

அளவு பிழைத்ததை டீச்சர் இன்றுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை. என் குறையை மறைத்த அவருக்கும், அந்தப் பிள்ளைக்கும் தொழுத கையோடு துஆ கேட்கிறேன். இந்த வருஷம் ஆறு வீரர்களுக்குக் கவசம் கேட்டிருக்கிறார். அளவு கொடுக்க வரும் பிள்ளைகள் பர்தாவில் கை வைத்ததும் நானே முந்திச் சொல்கிறேன்:

"கழட்டாதீங்க மனே, அப்படியே இரிங்க."