ஜன்னலோரச் சிவப்புப் புடவை

அப்பா இறந்து நாற்பது நாள் ஆகிறது.

திண்டிவனத்துக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவில் ஒரு ரயில்வே கேட்டில் அவர் கேட் கீப்பராக இருந்தார். சுற்றிலும் மல்லாட்டைக் கொல்லைதான், எங்கு பார்த்தாலும் நிலக்கடலைச் செடி. விளையாட ஆள் கிடையாது. அதனால் ரயிலில் போகிறவர்களோடு விளையாடினேன். ஒவ்வொரு ரயில் போனதும் அப்பா, "யாரு பாப்பா போனாங்க?" என்பார்.

"ஒரு மொட்டத் தாத்தா. மடியில ஆட்டுக்குட்டி வச்சினு போறாரு."

"ஆட்டுக்கு டிக்கெட்டு எடுத்தாராமா?"

மறுநாள் ஆட்டுக்கும் டிக்கெட் எடுத்துவிடுவேன்.

அப்போது எனக்கு ஆறு வயது. அம்மா மெட்ராஸில் பெரியம்மா வீட்டில் இருப்பதாக அப்பா சொல்லியிருந்தார். ஒருநாள், வேறு யாரும் தோன்றாமல், "அம்மாவப் பாத்தம்பா" என்றேன்.

அப்பா கையிலிருந்த பச்சைக் கொடியைச் சுருட்டவில்லை.

"என்ன புடவ கட்டினு இருந்தா?"

"செவப்பு."

"பூ வச்சிருந்தாளா?"

"வச்சிருந்துச்சி. கையகூட ஆட்டிச்சி."

கேட்டைத் திறக்க மறந்து தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மூட்டையோடு மொபெட்டில் காத்திருந்தவர் கத்தினார்: "யோவ், ரயிலு விழுப்புரமே போயிருக்கும்! ஜல்தி தொறய்யா. உம் பொண்டாட்டியா அதுல போறா, இப்பிடி நின்னுகினு பாக்கற?"

எல்லோரும் சிரித்தார்கள். "ஆமாங்க" என்று சொல்லிவிட்டு அப்பா கேட்டைத் தூக்கினார்.

அன்றிலிருந்து தினமும் அம்மாவை ரயில் ஏற்றினேன். ஒரே ஒரு பயம்தான். அம்மாவின் அந்தச் சிவப்புப் புடவை வீட்டில்தான் இருந்தது, அதைத்தான் நான் போர்த்திக்கொண்டு படுப்பேன். அப்பா அதை ஒருநாளும் கண்டுபிடிக்கவில்லை. நன்றாக ஏமாற்றுகிறோம் என்று எனக்கு உள்ளுக்குள் பெருமை.

அம்மா ஆஸ்பத்திரியிலேயே இறந்துவிட்டாள் என்று எனக்குத் தெரிய இன்னும் இரண்டு வருஷம் ஆனது. அவளுக்குக் கொள்ளி வைத்த கையில்தான் அன்றைக்கு அந்தக் கொடி இருந்திருக்கிறது.

எட்டாவதோடு படிப்பு நின்றது. இப்போது விழுப்புரத்தில் ஒரு தையல் கடைக்குத் தினமும் ரயிலில் போகிறேன். கேட்டை எடுத்துவிட்டுச் சுரங்கப்பாதை போட்டுவிட்டார்கள். நேற்று அந்த இடம் வந்ததும் கையை ஆட்டினேன்.

பக்கத்து சீட்டு அக்கா, "யாருக்கும்மா கை காட்டற?" என்றார்.

"எங்கப்பாவுக்கு. கேட்ல நிக்கிறாரு."

எட்டிப் பார்த்தார். என்னையும் ஒருமுறை பார்த்தார். பிறகு போனை எடுத்துக்கொண்டார்.

என்ன சட்டை போட்டிருந்தார் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.