மார்ஸேலோ கையெழுத்திட்ட என் கடிதம்

சனிக்கிழமை ஆபீஸிலிருந்து திரும்பினால் மேஜைமேல் வெளிநாட்டுக் கவர். மெக்ஸிகோவிலிருந்து மார்ஸேலோவின் தங்கை ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். அண்ணன் போன மாதம் காலமாகிவிட்டார். அடக்கத்துக்கு ஆறு பேர் வந்தார்களாம். ஐந்து நாவல்கள் எழுதிய மனிதருக்கு ஆறு பேர்!

மாட்டுங்காவில் பலருக்கும் அவரைத் தெரியும். பம்பாயில் டிராம் நின்ற வருஷம் எங்கள் கட்டிடத்து மூன்றாம் மாடிக்குக் குடிவந்தவர். தாதரில் ஸ்பானிஷ் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார். இட்லியைக் காப்பியில் தோய்த்துச் சாப்பிட்டு ஹோட்டலையே திகைக்க வைத்தவர் அவர்தான். மெக்ஸிகோவில் ஒரு சுரங்க முதலாளியின் அக்கிரமங்களை நாவலாக எழுதினார். மேடை மேடையாகப் பேசினார். முதலாளி போட்ட வழக்கில் பிடிவாரண்டு வரவே இங்கே வந்து சேர்ந்தார்.

தாராவியில் முனிசிபாலிட்டிக்காரர்கள் குடிசைகளைப் பிரித்தபோது இவரும் போய் நடுவில் நின்றார். "உங்களுக்கு ஏன் ஸார் இந்த வம்பு?" என்றேன். "நான் பயந்துவிட்டேன் என்று ஒரு தடவை தெரிந்தால் போதும். அப்புறம் என் புத்தகத்தை யார் நம்புவார்கள்?" என்றார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

பிறகு, அவருடைய அம்மா படுத்த படுக்கையாகிவிட்ட செய்தி வந்தது. மன்னிப்புக் கேட்டால் வழக்கை வாபஸ் வாங்குவதாக முதலாளி சொல்லியனுப்பினான். மார்ஸேலோ சாப்பிடாமல் எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்திருந்தார். என் மனைவிக்குப் பொறுக்கவில்லை. "ஏன்னா, பெத்தவளைப் பாக்க வேண்டாமா? ஆபீஸ்ல எத்தனை மெமோவுக்கு எழுதிக் குடுத்திருக்கேள்! அதுமாதிரி ஒண்ணு அடிச்சுக் குடுங்கோளேன்" என்றாள்.

எனக்கும் அது சரியாகவே பட்டது. மெமோ வந்தால், தப்பே செய்யாவிட்டாலும், 'ஆழ்ந்து வருந்துகிறேன், இனி நேராது' என்று எழுதிக் கொடுத்துவிடுவது எங்கள் ஆபீஸ் வழக்கம். ஃபைலில் போட்டு மறந்துவிடுவார்கள். அதே நடையில் ஆங்கிலத்தில் டைப் அடித்தேன். 'நான் எழுதியவை ஆதாரமற்றவை' என்று ஒரு வரியும் சேர்த்தேன். அதில்லாமல் மன்னிப்புக் கடிதம் முழுமையாகாதே! "வெறும் ஃபார்மாலிட்டி ஸார். யார் படிக்கப் போறா?" என்றேன். இரண்டு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

முதலாளி அதை மொழிபெயர்த்துப் பத்திரிகைகளில் அச்சிட்டான். வழக்கையும் வாபஸ் வாங்கினான். ஊர் திரும்பிய மார்ஸேலோ, அம்மா கண்ணை மூடும்வரை ஒன்பது நாள் கூட இருந்தார். அப்புறம் சுரங்கத் தொழிலாளிகள் ஒருவரும் அவர் வாசற்படி ஏறவில்லை. அவரும் பேனாவைத் தொடவில்லை. எனக்கு எழுதிய கடிதங்களில் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை, பாவி மனுஷன். சொல்லியிருக்கலாம்.

இரங்கல் குறிப்புகளில் நாவல்களைப் பற்றிப் பேச்சே இல்லையாம். எல்லாவற்றிலும் அந்தக் கடிதத்தைத்தான் எடுத்துப் போட்டிருக்கிறார்கள் என்கிறார் தங்கை.

அதன் கார்பன் பிரதி என்னிடம் இருக்கிறது. அவருடைய நாவல் ஒன்றைக்கூட நான் படித்ததில்லை, ஸ்பானிஷ் தெரியாது. அவர் பெயரில் அச்சேறியவற்றில் என்னால் படிக்க முடிந்தது இந்த ஒரு பக்கம்தான். அதையும் நான்தான் எழுதினேன்.