அக்காவிட்டப் போகக் கால் வேணும்

கோயில் குழாயடியிலதான் முதல் முதல் எனக்கு விளங்கினது. உள்ள போக முன்னம் எல்லாரும் செய்யிற வேலைதான், ஒரு காலைத் தூக்கி மற்றக் காலில தேய்ச்சுக் கழுவுறது. சின்ன வயசில இருந்து யோசிக்காமச் செய்தது. அண்டைக்கு இடது காலைத் தூக்கின உடன நிலம் நழுவிப் போச்சு. பக்கத்தில நிண்ட மனிசியின்ர சீலையை எட்டிப் பிடிச்சன். பட்டுச் சீலை. அவா பார்த்த பார்வை! "ஏலாட்டி வீட்டில இருந்து கும்பிடலாமே" எண்டா. எனக்குக் கோபம் உச்சியில ஏறிச்சு. எங்க இருந்து கும்பிடுறதெண்டு சொல்ல இவா ஆர்? ஆனா கால் நடுங்கினது நிக்கேல்ல.

நான் பயந்தது கோயிலுக்காக இல்லை, அக்காவுக்காக. அக்கா கொழும்பில, கிருலப்பனையில தன்ர மகள் வீட்டில படுக்கையோட இருந்தவா. காது சுத்தமாக் கேளாது, கண்ணும் மங்கல். ஃபோனில கதைக்கேலாது, வீடியோவில காட்டினாலும் ஆரெண்டு பிடிபடாது. போய்ப் பக்கத்தில இருந்து கையைப் பிடிச்சாத்தான் "வந்திட்டியோடி" எண்டு கேப்பா. அவா இனி என்னட்ட வரப்போறதில்லை. நான்தான் போகவேணும். நான் இருக்கிறதோ பக்கத்து வெள்ளவத்தையில ஐஞ்சாம் மாடி, லிஃப்ட் நினைச்ச நேரம் நிண்டுபோற ஃப்ளாட். கால் ஏலாமப் போனா அக்காவைப் பார்க்கேலாது.

டொக்டர் எல்லாம் சோதிச்சார். பிரஷர் சரி, காதில பிழையில்லை, எலும்பும் பரவாயில்லை. பேந்து பிசியோ செய்யிற ஒரு பிள்ளையிட்ட அனுப்பினார். அவள் என்னைக் கதிரையில இருத்திப்போட்டு, கையை ஊண்டாமல் எழும்பச் சொன்னாள். எழும்பேலாமப் போச்சு. "அன்ரி, உங்களுக்கு நோய் வருத்தம் ஒண்டும் இல்லை. இருந்து இருந்தே கால் வேலையை மறந்திட்டுது. மருந்து இல்லை, பழக்கவேணும்" எண்டாள். அதுக்கெண்டு தனியா நேரம் ஒதுக்கத் தேவையில்லையாம். தேத்தண்ணித் தண்ணி கொதிக்கிற நேரம் அடுப்பு மேடையைப் பிடிச்சுக்கொண்டு ஒரு காலில நிக்கட்டாம். பல்லு மினுக்கேக்க மற்றக் காலில. ஹோலில மாபிள் கோட்டில ஒரு காலின்ர பெருவிரலுக்கு முன்னால மற்றக் காலின்ர குதியை வைச்சு நடக்கட்டாம். எழும்பேக்க கையைப் பாவிக்கக் கூடாதாம்.

விசர்க்கதை எண்டுதான் நினைச்சன். ஆனா அக்காவை நினைச்சுச் செய்தன். வயசு போன நேரத்தில குசினிக்க கொக்கு மாதிரி நிண்டா ஆருக்குத்தான் சிரிப்பு வராது? எனக்கே வந்திது. முதல்ல ரெண்டு கையாலயும் பிடிச்சன், பிறகு ஒரு கை, பிறகு விரல் நுனி மட்டும். கேத்தில் விசிலடிக்கும் வரைக்கும் நிக்கிற அளவுக்கு வந்திட்டன். பின்னேரத்தில ஒரு மாடி இறங்கி ஏறினன், பிறகு ரெண்டு. ஒருநாள் லிஃப்ட் நிண்ட நேரம் முழுப்படியும் இறங்கி, ஓட்டோ பிடிச்சுக் கிருலப்பனைக்குப் போயிட்டன். ஓட்டோக்காரன் "ஹெமின், நோனா, ஹெமின்" எண்டு கை நீட்டினான். மெல்ல அம்மா, மெல்ல எண்டு சிங்களத்தில சொல்லுறான். கை தேவையில்லை எண்டு நானே இறங்கினன். அக்கா கையைப் பிடிச்சுத் தடவிப் பார்த்து "வந்திட்டியோடி" எண்டா. அண்டைக்கு எனக்கு இருந்த சந்தோசம் சொல்லி முடியாது.

எல்லாத்தையும் கெடுத்தது என்ர மகன்ர அன்புதான். அவன் கனடாவில. லீவுக்கு வந்து நிண்டு, திரும்பிப் போக முதல் ஹோல் மூலையில ஒரு கமரா பூட்டினான். எங்கட ஃப்ளாட்டில அரைவாசி வீட்டில கமரா இருக்கு. பிள்ளையள் வெளியில, தாய் தகப்பன் தனிய, எல்லா வீட்டிலயும் ஒரே கதை. நானும் கிடக்கட்டும் எண்டு விட்டன். குசினியும் அதுக்குள்ள தெரியும் எண்டு எனக்குத் தெரியாது.

ஒருநாள் விடிய தண்ணி வைச்சிட்டு ஒரு காலில நிக்கிறன். கொஞ்சம் ஆடினன். ஆடினாத்தானே கால் பழகும். அந்த நேரம் பார்த்து ஃபோன் அடிக்குது. "அம்மா! என்ன செய்யிறியள்? இருங்கோ! உடன கதிரையில இருங்கோ!" நான் விளங்கப்படுத்தினன். அவன் கேக்கேல்ல. "விழுந்து கிடந்தா ஆரம்மா தூக்குறது? நான் இங்க இருந்து என்ன செய்ய?" எண்டான். "நான் என்ன சின்னப்பிள்ளையே, உன்ர வேலையைப் பார்" எண்டு நானும் கத்தினன். அவனும் திருப்பிக் கத்தியிருந்தா நான் விட்டிருக்க மாட்டன். அவன் அழுதிட்டான். வளர்ந்த ஆம்பிளை, பனிக்குள்ள எங்கேயோ நிண்டு விக்கி விக்கி அழுறான். பெத்த வயிறு என்ன செய்யும்? சரி, இனிச் செய்யமாட்டன் எண்டு சொல்லிப்போட்டன்.

அடுத்த கிழமையே மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில இருந்து ஒரு பெண்ணை எனக்குத் துணைக்கு வைச்சான். நல்ல மனிசி, ஒரு குறை சொல்லேலாது. நான் எழும்ப முதல் தேத்தண்ணி கைக்கு வந்திடும். குளிக்கக் கதிரை, செருப்பு மாட்ட அவா. களவாக் குசினிக்குப் போய் ஒரு காலைத் தூக்கினா, ஓடி வந்து கையைப் பிடிப்பா. "வேணாம்மா, எந்திரிக்காதீங்க. தம்பி பாத்துட்டா எனக்குத்தான் ஏச்சு விழும். இந்த வேலையும் போயிட்டா நான் எங்கம்மா போவேன்?" அவாவுக்கு முன்னால நான் எப்பிடி எழும்புறது? அவன்ர கண்ணீருக்கும் இவான்ர வயித்துப்பாட்டுக்கும் நடுவில நான் கதிரையில இருந்தன். கிருலப்பனைக்கு மகன் ஒழுங்கு செய்த காரில கூட்டிக்கொண்டு போனவை. பிறகு மழை எண்டு ஒரு கிழமை விட்டது, இருமல் எண்டு இன்னொரு கிழமை. பிசியோ பிள்ளையும் ஃபோன் எடுத்து, "மகன் வேண்டாம் எண்டிட்டார் அன்ரி, நான் என்ன செய்ய?" எண்டாள். கை ஊண்டாமல் எழும்பிப் பார்த்தன் ஒருநாள். பழையபடி ஏலேல்ல.

அக்கா கண்ணை மூடினது ஒரு காலமை. லிஃப்ட் அப்ப பழுது, ஏதோ சாமான் வெளிநாட்டில இருந்து வரவேணுமாம். நான் சீலையைச் சுத்திக்கொண்டு படியில இறங்கிட்டன். அந்தப் பெண் "அம்மா, அம்மா" எண்டு பின்னால. முதல் வளைவு மட்டும்தான். முழங்கால் ரெண்டும் கழண்டு போச்சு, அப்பிடியே படியில குந்திட்டன். அக்கான்ர மருமகன் ரெண்டு பெடியளைக் கூட்டிக்கொண்டு வந்தான், கதிரையோட தூக்கிக்கொண்டு இறங்க. திருப்பத்தில கதிரை சரிய நான் போட்ட சத்தத்தில பக்கத்து வீட்டுக் கதவெல்லாம் திறந்திட்டுது. பெடியள் கதிரையைப் படியில வைச்சிட்டாங்கள். "வேண்டாம் மாமி, உங்களுக்கும் ஏதும் நடந்திட்டா..." எண்டு திரும்பக் கொண்டுவந்து ஹோலில வைச்சிட்டுப் போனாங்கள். அவங்களிலயும் பிழை இல்லை.

பின்னேரம் மகன் லிங்க் அனுப்பினான். எங்கட ஆக்களின்ர சாவீட்டில இப்ப அதுவும் ஒரு முறை. பிரேதத்தை வைக்கிற மலர்ச்சாலையில கமரா வைச்சு, வெளிநாட்டில இருக்கிறவை பார்க்க நேரலையா விடுவினம். அந்தப் பெண் ஃபோனைத் தண்ணிப் போத்தலில சாத்தி வைச்சா. அக்கா சின்னனாத் தெரிஞ்சா. ஐயர், பூ, சனத்தின்ர முதுகு. கையைத் தேடினன், சீலைக்குள்ள மூடிக் கிடந்தது. ஆரோ ஒரு ஆள், "கொஞ்சம் விலகுங்கோ, வெளிநாட்டில இருக்கிற சொந்தக்காரர் முகம் பார்க்கட்டும்" எண்டார். எல்லாரும் விலகிச்சினம், எனக்காகவும்தான். அந்த மலர்ச்சாலை, ஓட்டோவில ஏறினா ஒரு பாட்டு முடிய முதல் போற தூரம்.

மகன் மற்ற ஃபோனில நிண்டான். "அம்மா, பெரியம்மாவின்ர முகம் உங்களுக்கு வடிவாத் தெரியுதோ?"

"ஓம் தம்பி," எண்டன். "உனக்குத் தெரியிற மாதிரித்தான் எனக்கும் தெரியுது."