அண்ணன் கேட்ட ஒரு வரி

எங்கள் தூத்துக்குடித் திருச்சபைச் சேகரத்தின் கல்லறைத் தோட்ட விதிகளில் ஏழாவது, கல்லில் பெயர், பிறந்த நாள், இறந்த நாள், ஒரு திருவசனம் ஆகியவற்றை மட்டுமே பொறிக்கலாம் என்கிறது. எட்டாவது, விண்ணப்பித்தவருக்கு முப்பது நாளுக்குள் கமிட்டி பதில் தர வேண்டும் என்கிறது. கமிட்டியார் ஏழாவதை நன்றாகப் படித்திருந்தார்கள். எட்டாவதை நினைவூட்டும் பொறுப்பு, ஆட்சியர் அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வுபெற்ற எனக்கு வாய்த்தது. அண்ணன் எங்களைவிட்டுப் பிரிந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், அந்த விண்ணப்பத்தின் கதையை உறவினருக்கும் நண்பருக்கும் சொல்லிவிடுகிறேன். அண்ணனைப் பற்றிச் சொல்ல அதைவிட நேர்வழி எனக்குத் தெரியவில்லை.

அண்ணன் பிறந்தது சாத்தான்குளத்தில். அப்பா மிஷன் பள்ளி ஆசிரியர். அவர் திடீரென்று காலமானபோது அண்ணன் கல்லூரியில் முதலாண்டு, தங்கை நான் பள்ளியில். இருவரில் ஒருவர்தான் மேலே படிக்க முடியும் என்று ஆனதும், அண்ணன் யாரையும் கேட்காமல் பெட்டியோடு வீட்டுக்கு வந்துவிட்டார். பிறகு தூத்துக்குடித் துறைமுகத்தில் டாலி கிளார்க் வேலை. கப்பலில் ஏறுகிற, இறங்குகிற சரக்கை எண்ணிக் குறிக்க வேண்டும். ஓய்வுபெறும்வரை அதேதான். நாளெல்லாம் வெயிலில் நின்று மூட்டை எண்ணுவதில் மனிதருக்கு என்ன சுகம் என்று நான் நினைத்ததுண்டு.

கடலில் மூழ்கிச் சங்கு குளிப்பவர்கள் கரையேறும்போது, கரையில் நிற்பவர்கள் "கெடச்சுதா?" என்பார்கள். கிடைத்தவர் "ஒண்ணு கெடச்சுது" என்று சொல்லிவிட்டு நடப்பார். அண்ணன் அந்தப் பேச்சை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். வேலைவிட்டு வந்து, கைகால் கழுவிச் சாப்பிட உட்கார்ந்ததும், "இன்னைக்கு ஒண்ணு கெடச்சுது" என்று ஆரம்பிப்பார்.

"பர்மாத் தேக்குக்குள்ள இருந்து ஒரு தவள குதிச்சு வந்துச்சு. பாஸ்போர்ட்டும் கெடயாது, ஒண்ணும் கெடயாது. கஸ்டம்ஸ்காரர் அதப் பாத்தாரு, அது அவரப் பாத்துச்சு. அவருதான் வழி விட்டாரு."

இன்னொரு நாள், கிரேன் ஓட்டுபவர் பெரிய இயந்திரம் ஒன்றைச் சத்தமில்லாமல் தரையில் இறக்கியது. "பிள்ளையத் தொட்டில்ல போடுத மாதிரி வச்சாம்ளா." மற்றொரு நாள், உப்பளத்தில் நின்ற பூநாரைகள். "எல்லாம் ஒத்தக்கால்ல அசையாம நிக்கி. ஒண்ணு மட்டும் தூங்கித் தூங்கி விழுது, பிரசங்கத்துல நம்ம மாமா மாதிரி."

பதவி உயர்வு ஒருமுறை அண்ணனைத் தாண்டி இளையவர் ஒருவருக்குப் போனது. விதி முழுக்க அண்ணன் பக்கம். நான் கொதித்துப்போய் மேல்முறையீடு எழுதி எடுத்துக்கொண்டு போனேன்.

"ஏளா, அந்தத் தம்பி இன்னைக்கு எல்லாருக்கும் மக்ரூன் வாங்கிக் குடுத்தான். நல்ல மொறுமொறுப்பு. தின்னு பாரு."

"கையெழுத்துப் போடுங்கண்ணே."

"கையில மக்ரூன் இருக்குல்லா."

மேல்முறையீட்டுக்கான கெடு முடியும்வரை அவர் கையில் ஏதாவது ஒன்று இருந்துகொண்டே இருந்தது.

துயரம் தெரியாதவர் அல்லர். மூத்த பிள்ளையைக் காய்ச்சலுக்குக் கொடுத்தபின் அவர் வெகுநாள் ஒன்றும் சொல்லவில்லை. சாப்பாட்டு நேரத்தில் தட்டுச் சத்தம் மட்டும் கேட்கும் என்பார் அண்ணன் மனைவி, என் மதினி. ஒருநாள் மதினியே, "இன்னைக்கு ஒண்ணும் கெடைக்கலியா?" என்று கேட்டிருக்கிறார். அண்ணன் யோசித்துவிட்டு, "நீ கேட்ட பாத்தியா, அது கெடச்சுது" என்றாராம்.

கடைசி இரண்டு ஆண்டு டயாலிசிஸில் போயிற்று. அங்கும் ஊசி வலிக்காமல் போடும் செவிலியர், அடுத்த கட்டில்காரரின் குறட்டை என்று ஏதோ ஒன்று கிடைத்துக்கொண்டிருந்தது. இறுதி வாரத்தில் என்னைக் கூப்பிட்டார்.

"ஏளா, என் கல்லுல வசனம் மேல இருக்கட்டும். கீழ, ‘இன்னைக்கு ஒண்ணு கெடச்சுது’ன்னு போடு."

"விதி இடம் குடுக்காதுண்ணே."

"விதியெல்லாம் கரைச்சுக் குடிச்சவ நீ. ஒனக்கே இடம் குடுக்கலன்னா அது என்ன விதி?"

அவர் வாழ்நாளில் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். ஆண்டு நினைவுக்குள் கல் வைப்பது எங்கள் வழக்கம். வைத்த கல்லில் பிறகு எதையும் சேர்க்கக் கூடாது என்பது விதி ஒன்பது. ஆகவே ஓராண்டுக்குள் அனுமதி வராவிட்டால் அந்த வரி என்றைக்கும் இல்லை.

விண்ணப்பம் கொடுத்தேன். முப்பது நாளில் பதில் வரவில்லை. நினைவூட்டினேன். நினைவூட்டலுக்கு நினைவூட்டினேன். மழைக்காலம் கழிந்தபின் நேரில் வரச் சொன்னார்கள்.

"அம்மா, இது முத்துக் குளிச்ச ஊரு பாத்துக்கிடுங்க," என்றார் செயலாளர். "ஒண்ணு கெடச்சுதுன்னு கல்லுல போட்டா, கெடச்சது உள்ள இருக்குன்னு எவனாவது மம்பட்டியோட வந்துருவான்."

விலையுயர்ந்த பொருள் எதுவும் உள்ளே இல்லை என்று எழுதித் தருவதாகச் சொன்னேன்.

"அதையும் கல்லுல போடுவீங்களோ?"

பொருளாளர் ஜவுளிக்கடை அண்ணாச்சி. அவருக்கு வேறு சந்தேகம். "இன்னைக்குன்னா எந்தத் தேதி? தேதியில்லாம எப்படிங்க பாஸ் பண்ண?" முப்பத்தைந்து ஆண்டு பிறருடைய கோப்புகளில் நான் கேட்ட கேள்வி அது. கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது.

அடுத்த கூட்டத்துக்கு மதினி தாமே வந்தார். விதி எதையும் பேசவில்லை. தவளையைச் சொன்னார், கிரேனைச் சொன்னார், மூத்த பிள்ளை போன பிறகு நடந்ததையும் சொன்னார். "இவ்வளவுதாங்க கெடச்சுது. வேற முத்தும் இல்ல, பவளமும் இல்ல," என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு பொருளாளர் மெதுவாக, "நேத்து எங்கடைக்கு ஒரு கெழவி வந்தா. ஒரு பட்டுச்சேலைய எடுத்துத் தோள்ல போட்டு, கண்ணாடியில பாத்து, தனக்குத்தானே சிரிச்சுட்டு, மடிச்சு வச்சுட்டுப் போயிட்டா. வாங்கல. எனக்கு நாள் பூரா அதே நெனப்பு," என்றார்.

"அண்ணாச்சி, இத மினிட்ஸ்ல எழுதவா?" என்று கேட்டார் செயலாளர்.

"எழுதும்வே."

அண்ணனைப் பார்த்துக்கொண்ட மருத்துவர்கள், டயாலிசிஸ் பிரிவின் செவிலியர்கள், இறுதிப் பயணத்தில் தோள் கொடுத்த துறைமுகத் தோழர்கள், ஜெபித்த சேகர குரு, அந்த வரிக்கு இடம் விட்டுக் கல்லைச் செதுக்கிப் பொறுமையாகக் காத்திருந்த கல்தச்சர் ஆகிய அனைவருக்கும் குடும்பத்தார் கடமைப்பட்டிருக்கிறோம். கமிட்டியாருக்கும்தான். அவர்கள் விதி எட்டின்படி நடந்திருந்தால், மதினி அதையெல்லாம் வாய்திறந்து சொல்லியிருக்கவே மாட்டார்.

கமிட்டியின் பதில் ஒரே பத்தி. கேட்ட வரி சிறப்பு நேர்வாக அனுமதிக்கப்படுகிறது. இதை முன்னுதாரணமாகக் கொள்ளலாகாது. ‘இன்னைக்கு’ என்பதற்குத் தேதி குறிப்பிடத் தேவையில்லை. இது எங்கள் கைக்கு வந்து சேர்ந்தது, ஆண்டு நினைவுக்கு மூன்று நாள் இருக்கையில், வெள்ளிக்கிழமை முற்பகல்.