இடுப்பளவுக் கோடு

முனிலட்சுமிக்குக் கொசுப்புழு பார்க்கிற வேலை. மாநகராட்சியில் ஒப்பந்தம். பதினோரு வருஷமாக ஓசூரில் ஒரே வார்டில் தொட்டி, டிரம் எல்லாம் திறந்து டார்ச் அடித்துப் பார்க்கிறாள். எல்லா வீட்டுக்குள்ளும் போய்வருகிறவள் என்பதால் வெள்ள அளவு எடுப்பதையும் அவளிடமே கொடுத்தார்கள். போன மழையில் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்டு, சுவரில் சிவப்புப் பெயிண்டால் கோடு போட்டு, போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும்.

அவள் குடியிருந்த ஏரிக்கால்வாய்த் தெருவில் வந்தது கணுக்கால் தண்ணீர்தான்.

“இடுப்புக்குப் போடும்மா,” என்றார் எதிர்வீட்டு மாதப்பன். “எம் இடுப்புக்கு வேணாம், எம் பொண்டாட்டி இடுப்புக்குப் போடு. அவ குள்ளம். பாதிப் பொய்தான் ஆவும்.”

தெருவே சிரித்தது. முன்பொரு தடவை அளவெடுத்தபோது முழங்காலுக்கு மேல் சொன்ன வீடுகளுக்குத்தான் நிவாரணம் வந்தது. பதினேழு வீட்டிலும் இடுப்புக்குப் போட்டாள். கடைசி வீடு அவளுடையது.

நிவாரணம் வரவில்லை. மறுவருஷம் வார்டு கூட்டத்தில் பிரவீனா என்ற அதிகாரி திரையில் வரைபடம் காட்டினாள். இனி மழை இப்படித்தான் கொட்டும், நகரம் அதற்குத் தயாராக வேண்டும் என்றாள். தண்ணீர் இடுப்பளவு வந்த இடங்கள் நீலம். அங்கே வீடுகளை எடுத்துவிட்டு மழைநீர் நிற்கப் பூங்கா. குடியிருப்பவர்களுக்கு ஊருக்கு வெளியே அடுக்குமாடி. ஆட்சேபம் சொல்ல முப்பது நாள்.

வரைபடத்தில் ஏரிக்கால்வாய்த் தெரு நீலமாக இருந்தது.

“மேடம், எங்க தெரு அளவு தப்புங்க. கணுக்காலுக்குத்தான் வந்துது,” என்றாள் முனிலட்சுமி.

“யாரு எடுத்தது?”

“நாந்தானுங்க.”

பிரவீனா குரலைத் தாழ்த்தினாள். “எழுதிக் குடுங்க. திருத்திடலாம். ஆனா அப்புறம் உங்கள வேலையில வச்சிக்க மாட்டாங்க.”

முனிலட்சுமி ஒரு வெள்ளைத்தாள் வாங்கி டார்ச்சோடு பையில் வைத்தாள். தினமும் பை அவளோடு போய்வந்தது.

முப்பதாவது நாள் மத்தியானம் மழை பிடித்தது. கால்வாய் பொங்கித் தெருவுக்குள் வந்தது. முனிலட்சுமி வாசலில் தண்ணீரில் நின்று கோட்டைப் பார்த்தாள். தண்ணீர் அந்தக் கோடுவரை ஏறிவிட்டால் எழுத ஒன்றும் இல்லை. கணுக்காலில் நின்றது.

“இன்னிக்குத்தானம்மா கடைசி?” என்று எதிர்வாசலிலிருந்து கேட்டார் மாதப்பன்.

“ஆமாங்கண்ணா.”

“எழுதிட்டியா?”

பையில் தாள் வெள்ளையாகவே இருந்தது. ஐந்து மணிக்கு ஆபீஸ் மூடுவார்கள். ஐந்தும் ஆனது.

மறுநாள் காலை மாதப்பன் வீட்டு டிரம்மைத் திறந்து டார்ச் அடித்தாள். புழு இல்லை. சுவரில் சிவப்புக் கோட்டுக்குக் கீழே, புழு பார்த்த தேதியைச் சாக்பீஸால் எழுதினாள். யாரும் அவளோடு பேசவில்லை. அடுத்த வீட்டுக்குப் போனாள்.