எழுபத்து மூன்றாவது பெயர்

ஜென்டாக்கா எங்கள் ஊர் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவர். எட்டு வயதில் அவரைச் சரக்குப் பெட்டியில் ஏற்றி சைபீரியாவுக்கு அனுப்பியதும் அதே நிலையத்திலிருந்துதான்.

1949 மார்ச்சில் லாட்வியா முழுக்க அரசாங்கத்தார் குடும்பம் குடும்பமாக அப்படித்தான் அள்ளிக்கொண்டு போனார்கள். கூடவே அவருடைய அம்மாவும், பிறந்து பதினோரு நாளேயான தம்பியும். மூன்றாம் நாள் ரயிலிலேயே தம்பி இறந்தான். ஏதோ ஒரு ஊரில் காவலாளி கைநீட்டி உடலை வாங்கிக்கொண்டு போனான். அம்மா சைபீரியாவிலேயே இறந்துபோனார். ஜென்டாக்கா மட்டும் திரும்பி வந்தார்.

தொண்ணூறில் நிலைய வாசலில் நினைவுக்கல் வைக்கக் குழு அமைத்தோம். பெயர்ப் பட்டியல் என் பொறுப்பு. எழுபத்திரண்டு பேருக்கு ஆதாரம் கிடைத்தது.

"தம்பி பேரு இமாண்ட்ஸ். எழுதிக்கோடா."

"பிறப்புப் பதிவே இல்லையேக்கா. வெளியாள் ஒருத்தர் சாட்சி வேணும்னு குழுவுல சொல்றாங்க."

"சாட்சிக்கு எங்க போவேன்? அந்தக் காவலாளியத் தேடவா?"

ஒரே ஒருவர் மிச்சமிருந்தார். ஆடோல்ஃப்ஸ். துப்பாக்கிக்காரர்கள் சொல்ல, அன்று இவர்களைக் குதிரைவண்டியில் ஏற்றிவந்தவர். மறுநாளே இவர்கள் வீட்டு மாட்டைத் தன் கொட்டிலில் கட்டிக்கொண்டார். அவரோடு ஜென்டாக்கா பேசியதே இல்லை. டிக்கெட்டைக்கூட முகம் பார்க்காமல்தான் தள்ளுவார்.

இப்போது அவர் வீட்டுக்கே கிளம்பினார். நானும் கூடப் போனேன். கிழவர் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன, மாட்டைக் கேட்டு வந்தியா? அது செத்து முப்பது வருஷமாச்சு."

"மாடு கிடக்கட்டும். என் தம்பிய ஞாபகமிருக்கா?"

கத்தியைக் கீழே வைத்தார்.

"மூட்டை கட்டணும், இமாண்ட்ஸைக் கொஞ்சம் புடின்னு உங்கம்மா என் கையில குடுத்தா. ஸ்டேஷன் வரைக்கும் என் கோட்டுக்குள்ளதான் தூங்கினான். அங்க திருப்பிக் குடுத்துட்டேன்." தன் கைகளைப் பார்த்தார். "அவனுங்க பட்டியல்ல அந்தக் குழந்தை பேரே இல்லம்மா. அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தா எவனும் கேட்டிருக்க மாட்டான்."

ஜென்டாக்கா சுவரைப் பிடித்துக்கொண்டார். நான் நீட்டிய தாளில் கிழவர் ஈரக் கையோடு கையெழுத்துப் போட்டார்.

எழுபத்து மூன்றாவதாக இமாண்ட்ஸ் பெயரும் பொறித்த கல்லைத் திறந்த அன்று ஊரே கூடியிருந்தது. ஆடோல்ஃப்ஸ் மட்டும் சாலைக்கு அந்தப் பக்கம், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஜென்டாக்கா பார்த்தார். கூப்பிடவில்லை. அந்தக் குளிர்காலத்திலேயே கிழவர் இறந்துபோனார்.

"கூப்பிட்டிருக்கலாமோன்னு இருக்குடா," என்றார் ஜென்டாக்கா ஒருநாள். "வாய் வரல."